16 பல்லுக்காக ஒரு தெரிவு: வன்னியில் ஒரு பந்தயச் சைக்கிளும் நடுத்தரக் குறூப்செற்றும்

ஓடுபவர் பரந்தன் பக்கத்துப் பொடியன். வயது 21, நிறை 62 கிலோ. ஒற்றைக் கியர்ச் சைக்கிளிலேயே ஊர் ஓட்டங்களில் முன்னுக்கு வந்து, இப்போது மாவட்ட மட்டத்தில் கியர்ச் சைக்கிள்காரரோடு மோத வேண்டிய கட்டத்தில் நிற்கிறார். இலண்டனில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய பந்தயச் சைக்கிளின் அலுமினியச் சட்டத்தையும் இரண்டு சில்லுகளையும் அனுப்பியிருந்தார். கியர்ப் பாகம் ஒன்றும் வரவில்லை. சட்டம் றிம் பிறேக்குக்கானது (சில்லின் விளிம்பைக் கட்டை அழுத்தும் பிறேக்), பின் கவடு 130 மி.மீ., கிராங்க் அச்சுக்கு மரை போட்ட 68 மி.மீ. கூடு. சில்லுகள் 32 கம்பி போட்டு கையால் கோர்த்தவை, 10 வேகக் (பின்னுக்குப் பத்துப் பல்சக்கரம்) காலத்து ஷிமானோ ஹப் (சில்லின் நடுக் குடம்). இதற்கு நடுத்தர விலையில் எந்தக் குறூப்செற் போடுவது என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி.

சட்டம், சில்லு, ஹாண்டில், இருக்கை இவற்றைக் கழித்தால் சைக்கிளில் மிஞ்சுவதெல்லாம் குறூப்செற்: லீவர், முன்பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுவது), கிராங்க் (மிதிக் கையும் முன் பல்சக்கரங்களும்), செயின், கசற் (பின் பல்சக்கர அடுக்கு), பிறேக். ஷிமானோவின் றோட்டுச் சைக்கிள் வரிசை நெடுங்காலமாகக் கீழிருந்து கிளாரிஸ் 8 வேகம், சோரா 9, டியாக்ரா 10, அதற்கு மேலே 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். நடுத்தரம் என்று கடைக்காரரும் ஓட்டக்காரரும் சொல்வது டியாக்ராவையும் 105ஐயும்தான். 105க்குள்ளும் தலைமுறை உண்டு. 2018இல் வந்த ஆர்7000 என்பது 11 வேகம், றிம் பிறேக்கிலும் கிடைத்தது. 2022இல் மின்சாரக் கியரோடும் 2023இல் கேபிளோடும் வந்த 12 வேக 105 இரண்டும் டிஸ்க் பிறேக்குக்கு மட்டும். ஆகவே புதிய 105 இந்தச் சட்டத்துக்கு ஆகாது. மிஞ்சியவை இரண்டு: 11 வேக 105 ஆர்7000, 10 வேக டியாக்ரா 4700.

“அண்ணை, 105 எண்டால்தான் ஓட்டத்துக்குச் சரி எண்டு சொல்லினம். டியாக்ரா பழகிறாக்களுக்காம்.”

“ஆர் சொல்லினம்?”

“யூரியூப்பில.”

யூரியூப்பில் சொல்கிறவர்களில் பாதிப்பேர் மலையில் ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் பின்னுக்கு 34 பல் சக்கரம் வேண்டும், நூறு கிராம் குறைய வேண்டும். நம்முடைய றோட்டு அப்படியில்லை. வவுனியா கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று ஆனையிறவு வரை ஏ9 வீதி கண்ணுக்குத் தெரியாமல் சரிந்துகொண்டே போகிறது. ஏற்றம் என்று சொல்ல பாலங்களும் குளக்கட்டு ஏறும் பாதைகளும்தான் உண்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35உம் அப்படியே.

இங்கே மலையின் வேலையைக் காற்று செய்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் நின்று வீசும். ஆனையிறவுப் பக்கம் மரமும் இல்லை, வீடும் இல்லை, வெளி. வடக்கே போகும்போது ஒரு பக்கத்து முதுகில் தள்ளும் காற்று, திரும்பித் தெற்கே வரும்போது வலது கன்னத்தில் அறையும். மழைக்காலத்தில் வாடை இதையே மறுபக்கம் செய்யும். ஏற்றத்தில் வேகம் 35இலிருந்து 15க்கு விழும், கியரும் பல படி இறங்கும். காற்றில் அப்படியில்லை. ஒரு பற்றை மறைத்தால் 2 கி.மீ. கூடும், வெளி வந்தால் 3 கி.மீ. குறையும், முன்னால் போகிறவரின் சில்லை விட்டால் இன்னும் கொஞ்சம். சின்னச் சின்ன மாற்றம், ஆனால் ஓட்டம் முடியும்வரை ஓயாது.

நிறைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அது. டியாக்ராவுக்கும் 105க்கும் முழுத் தொகுதியில் சில நூறு கிராம்தான் வித்தியாசம். 300 கிராம் என்று வைத்தால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சமதரையில் அந்த 300 கிராமை உருட்ட ரயருக்குப் போகும் மேலதிக வலு ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு. தண்ணீர்ப் போத்தலில் சில மிடறு குடித்தால் அதில் பாதி போய்விடும். வன்னியில் கிராம் கணக்குப் பார்த்துக் காசு செலவழிக்கிறவருக்கு நான் தடை சொல்வதில்லை, அவருடைய காசு. இந்தப் பொடியனுடைய காசு அளவானது.

அப்புறம்தான் விஷயமே வருகிறது: கசற்றில் எந்தப் பல், எந்த ஒழுங்கில்.

வாங்குவதற்கு முன் வவுனியாவில் தெரிந்த ஒருவருடைய சைக்கிளை இரவல் வாங்கிப் பொடியனுக்கு ஓடக் கொடுத்தோம். 105 ஆர்7000, முன்னுக்கு 50/34 (50 பல், 34 பல் என இரண்டு சக்கரம்), பின்னுக்கு 11-28 (11 பல்லிலிருந்து 28 பல் வரை). கடையில் பூட்டி விற்கும் சைக்கிளில் அடிக்கடி காணும் கூட்டு. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டியதும் வலது கை ஓயவில்லை. டக் என்று ஒரு பல் ஏற்றுவார், பத்துப் பதினைந்து மிதி மிதிப்பார், டக் என்று இறக்குவார், மீண்டும் ஏற்றுவார். கீழே இறங்கியதும் முதலில் சொன்னது: “அண்ணை, ஒண்டில் கால் சுத்துது, ஒண்டில் இறுகுது. நடுவில ஒண்டைக் காணேல்ல.”

காணாததற்குக் காரணம் உண்டு. அந்த 11-28 கசற்றில் பற்களின் ஒழுங்கு 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. அதில் 16 இல்லை. 28 மி.மீ. ரயரின் சுற்றளவு 2.136 மீற்றர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50க்கு 17 போட்டு மணிக்கு 33.9 கி.மீ., 50க்கு 15 போட்டு 38.4 கி.மீ. வரும். இரண்டுக்கும் நடுவில் நாலரைக் கிலோமீற்றர் வெறும் பள்ளம். மாவட்ட மட்டத்து ஓட்டத்தில் கூட்டம் போகும் வேகம் சரியாக அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகிறது. மணிக்கு 36 கி.மீ. என்றால் 17இல் நிமிடத்துக்கு 96 சுற்று, 15இல் 84 சுற்று. ஒற்றைக் கியரில் பழகியவருக்குக் கால் ஒரே தாளத்தில் சுற்றிப் பழக்கம். அந்த 12 சுற்று வித்தியாசத்தை மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்வார்.

16 பல் இருந்தால் 50க்கு 16, நிமிடத்துக்கு 90 சுற்று, மணிக்கு 36.0 கி.மீ. அவ்வளவுதான்.

இந்தப் பல்லைக் கேட்டால் விலைப்பட்டியலே வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். புதிய 12 வேகக் கேபிள் 105இன் 11-34 கசற்றிலும் 15க்கு அடுத்து 17தான். பன்னிரண்டாவது சக்கரத்தை அவர்கள் போட்டது மலை ஏறுகிறவருக்கு. ஆர்7000 வரிசையில் 12-25 என்று ஒன்று உண்டு: 12, 13, 14, 15, 16, 17, 18, 19, 21, 23, 25. சமதரைக்கு இதைவிட நல்லது தேடத் தேவையில்லை, 12இலிருந்து 19 வரை ஒரு பல்லும் தவறவில்லை. 10 வேகத்தில் பழைய 105 5700 வரிசையின் 12-25இல் ஒழுங்கு 12, 13, 14, 15, 16, 17, 19, 21, 23, 25. அதில் 18 மட்டும் இல்லை, 16 இருக்கிறது. ஆக, 10 வேகத்து 12-25, 11 வேகத்து 11-28ஐவிட இந்த றோட்டுக்குப் பொருத்தம். வேகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

சிறிய பல் 12 என்றால் முடிவுக்கோட்டுக்குப் போதுமா என்று பொடியன் கேட்டார். முன்னுக்கு 50க்குப் பதிலாக 52/36 போட்டால், 52க்கு 12 நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 50 கி.மீ. தரும், 100 சுற்றில் 55ஐத் தாண்டும். அதற்கு மேலே போகிற பொடியனுக்கு யாராவது ஒரு கொழும்புக் கழகம் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடும். 52 போட்டதில் இன்னொரு நன்மை: 17, 16, 15 மூன்றும் 35.3, 37.5, 40.0 என்று போட்டி வேகத்தின் மேலேயே வந்து உட்கார்கின்றன. 36க்கு 25 மிகச் சிறிய கியர். குளக்கட்டுக்கு அது தாராளம்.

சரி, அப்படியானால் 11 வேக 12-25ஓடு ஆர்7000ஐ வாங்கிவிடலாமே? இங்கேதான் மாமாவின் சில்லு குறுக்கே வந்தது. 11 வேக றோட்டுக் கசற் ஏறும் ஹப்பின் உடல் பழைய 10 வேக உடலைவிட 1.85 மி.மீ. நீளம். புதிய ஹப்பில் பழைய கசற்றை ஒரு வளையம் போட்டு ஏற்றலாம். பழைய ஹப்பில் புதிய கசற் ஏறாது. பெரிய 34 பல் கொண்ட ஒன்றிரண்டு 11 வேகக் கசற்றுகள் பழைய ஹப்பிலும் ஏறும்படி வந்திருக்கின்றன, நமக்கு அவை தேவையில்லை. ஆகவே ஆர்7000 என்றால் பின் சில்லு ஒன்றும் புதிதாக வேண்டும். இருக்கிற சில்லோ நேராக நிற்கிற, கம்பி ஒன்றும் தளராத சில்லு. அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, பார்சலில் வரும் மலிவுச் சில்லொன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் பார்த்தபோது 105க்கும் டியாக்ராவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தோடு அந்தச் சில்லின் விலையும் சேர்ந்து, நல்ல ரயர், மேலதிகச் செயின், கசற் எல்லாவற்றையும் விழுங்கியது.

மற்ற வழிகளையும் பார்த்தோம், அதிக நேரம் எடுக்கவில்லை. ஸ்ராம் ரைவல் நல்ல சாமான், ஆனால் அதன் 11 வேகக் கசற்றுக்கும் அதே நீளமான உடல் வேண்டும். கம்பன்யோலோவுக்கு ஹப்பே வேறு. சென்சா, எல்-ட்வூ என்று சீனாவிலிருந்து வரும் 11 வேகத் தொகுதிகள் மலிவு. லீவர் உடைந்தால் அதே லீவர் அடுத்த வருடமும் கிடைக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் பழைய 105 5700இன் பின் டீரெயிலரைக் கிட்டத்தட்டச் சும்மா தருவதாகச் சொன்னார். அதுவும் 10 வேகம்தானே என்று பொடியனுக்கு ஆசை. வேண்டாம் என்றேன். டியாக்ரா 4700இன் லீவர் ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிளின் அளவு 11 வேகக் குடும்பத்தோடு சேர்ந்தது. முந்திய 10 வேக டீரெயிலர்களோடு ஒத்துப்போகாது. நடுப் பல்லுகளில் ஓடுவதுபோலத் தெரியும், ஓரத்துக்கு வந்தால் செயின் பாதி வழியில் நின்று கரகரக்கும். 4700ஐ எடுத்தால் லீவரும் டீரெயிலரும் ஒன்றாகவே எடுக்க வேண்டும்.

முடிவு: டியாக்ரா 4700 லீவர், முன்பின் டீரெயிலர், பிறேக், 52/36 கிராங்க், கசற் மட்டும் 105 5700 வரிசையின் 12-25, இரண்டு. பின் டீரெயிலரில் குட்டைக் கை உள்ளதைக் கேட்டு வாங்கினோம். நெட்டைக் கை உள்ளது 34 பல் வரைக்குமானது, 25 பல்லுக்கு அது தேவையில்லை. சாமான் கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வந்தது.

பூட்டும்போது கவனித்த சில விஷயங்கள் எழுதிவைக்க வேண்டியவை. இந்தக் கசற்றுக்குப் பின்னால் 1 மி.மீ. வளையம் ஒன்று போக வேண்டும். விட்டால் பூட்டு மரை முழுதாக இறுகினாலும் பல்லுகள் கையில் ஆடும். அடுத்தது கேபிள் உறை. ஊர்க் கடையில் கிடைப்பது பிறேக் உறை. அதன் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், வளைத்தால் நீளம் மாறும். பிறேக்குக்கு அது பரவாயில்லை. கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதனால்தான் ஒரு சொடுக்குக்கு ஒரு பல் பிசகாமல் மாறுகிறது. இரண்டும் வெளியே பார்க்க ஒரே கறுப்புக் குழாய். வெட்டிய முனையைப் பார்த்தால் தெரியும்: ஒன்றில் சுருள் வளையம், மற்றதில் புள்ளி புள்ளியாகக் கம்பி முனைகள். உள்ளே போகும் கியர்க் கேபிளுக்கும் மேற்பூச்சு இல்லாத சாதாரணத் துருப்பிடிக்காத 1.2 மி.மீ. கம்பியையே போட்டோம். பூச்சுப் போட்டது முதலில் வெண்ணெய்போல வழுக்கும், பிறகு பூச்சு உரிந்து உறைக்குள் அடைக்கும். உப்பளக் காற்றும் செம்மண் தூசியும் சேர்ந்த இடத்தில் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகு முதலில் வந்த பிரச்சினை கியரால் வந்ததே இல்லை. ஓட்டமொன்றுக்குச் சைக்கிளை பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுபோனார்கள். இறக்கும்போது வலப்பக்கம் அடியில் கிடந்தது. அன்று முழுக்க 19ஐத் தாண்டினால் செயின் துள்ளியது. லீவரைத் திருகி, கேபிளை இழுத்து, கூட நின்ற எல்லாரும் ஆளுக்கொரு திருப்புத் திருப்பியிருந்தார்கள். பிரச்சினை டீரெயிலர் தொங்கும் காதில். அது வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்தது. விழுந்தால் சட்டம் வளையாமல் காது வளைய வேண்டும். நேராக்க ஒரு கருவி இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஆனால் காதின் மரை எம்10, 1 மி.மீ. புரி, சாதாரணப் பின் ஹப்பின் அச்சிலும் அதே மரைதான். டீரெயிலரைக் கழற்றிவிட்டு, இன்னொரு பின் சில்லின் அச்சை அந்தக் காதில் திருகினோம். இரண்டு சில்லும் பக்கத்தில் பக்கம் நின்றன. றிம்முக்கும் றிம்முக்கும் இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அடிமட்டத்தால் அளந்தால் காது எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளிச்சில்லைப் பிடித்து மெதுவாக வளைத்தோம், நாலு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை. பிறகு கேபிளை மீண்டும் சரிசெய்ய, துள்ளல் நின்றது. அதன் பிறகு மேலதிகக் காதொன்று பையில் போகிறது, சைக்கிளும் பஸ்ஸில் இடப்பக்கம் கீழாகப் படுக்கிறது.

இரண்டாவது, வலது லீவருக்குள் கேபிள் அறுந்தது. இதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். கேபிளை ஹாண்டில் சுற்றுப்பட்டிக்குக் கீழே கொண்டுபோகும் ஷிமானோ லீவர்களில், கேபிளின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கூர்மையான வளைவு இருக்கிறது. மாற்றும் ஒவ்வொரு தடவையும் கம்பி அந்த இடத்தில் மடிந்து நிமிர்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறும். அடையாளம் என்னவென்றால், சரிசெய்த கியர் ஒரு வாரத்தில் மீண்டும் பிசகும், சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கும். காற்றுக்காக நிமிடத்துக்கு நிமிடம் பல் மாற்றுகிற ஒருவருக்கு இது இன்னும் வேகமாக வரும். மாங்குளத்துக்குக் கிட்ட அறுந்தபோது செயின் 12இல் போய் விழுந்து நின்றுவிட்டது. 52க்கு 12ஐ சோளகத்துக்கு எதிரே மிதித்தால் முழங்கால் போய்விடும். முன்னுக்கு 36க்கு மாற்றி, பின் டீரெயிலரின் வெளி எல்லைத் திருகாணியை உள்ளே முறுக்கி செயினை 13க்கு ஏற்றி வீடுவரை வந்தார். அதை அவரே கண்டுபிடித்தார், எனக்கு அதில் பங்கில்லை. இப்போது ஒவ்வொரு சோளகத்துக்கு முன்பும் அந்தக் கேபிள் மாறும், நல்லாய் இருந்தாலும். ஒரு கேபிளின் விலை ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலைக்குக் கிட்டத்தான்.

செயின் கதை எளிது. 12 முழுக் கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டால் மாற்றுகிறோம். 10 வேகச் செயின் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் இந்தக் கசற்றுகள் பழைய வரிசை, எப்போதும் கிடைக்காது. செயினை முன்கூட்டி மாற்றினால் கசற் தப்பும். கழுவ மண்ணெண்ணெய், காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய், துடைத்துவிட வேண்டும். எஞ்சின் ஓயில் விடுகிற பழக்கத்தை நிறுத்தினோம். கிரவல் றோட்டுச் செம்மண் அதில் ஒட்டி அரைக்கிற பசையாகிவிடும். மழைக்காலத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். செய்கிறாரா என்பது செயினைப் பார்த்தால் தெரிகிறது.

டியாக்ராவில் எனக்குப் பிடிக்காதது பிறேக். நனைந்த றிம்மில் 105இன் பிறேக் நிச்சயமாக நல்லது. பிறேக் கட்டையை மட்டும் தரமானதாக மாற்றி அதைப் பாதி சமாளித்தோம். கியர் மாறும் உணர்விலும் 105 கொஞ்சம் மெதுமையானது, பொடியன் இரண்டையும் ஓடிவிட்டு அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த இரவல் சைக்கிளில் ஓயாத வலது கை இதில் அடங்கியது. 17, 16, 15 என்று ஒரு பல் மாற்றிவிட்டு நெடுநேரம் அப்படியே மிதிக்கிறார். 17க்கும் 19க்கும் நடுவில் இன்னொரு பள்ளம் இருப்பது தனியாகக் காற்றுக்கு எதிரே போகும்போது தெரிகிறதாம். அது நான் எதிர்பார்த்ததுதான், 18 இல்லாத கசற்றில் அந்த இடம் அப்படித்தான் இருக்கும்.

பின் சில்லின் றிம் பிறேக் பட்டுத் தேய்ந்து, தேய்வு காட்டும் குழி மறைகிற நாளில், 11 வேக ஹப்பில் புதிய றிம்மைக் கோர்க்கலாம். அப்போது மாற வேண்டியவை லீவர் இரண்டும் செயினும் கசற்றும். 4700இன் பின் டீரெயிலர் 11 வேக லீவரோடும் ஒத்துப்போகும், கிராங்கையும் தொட வேண்டியதில்லை. 18 பல்லும் அப்போது வந்துவிடும். இரண்டாவது 12-25 கசற் இன்னும் பெட்டி பிரிக்காமல் இருப்பதால் அதற்கு அவசரம் இல்லை.